‘வானத்தின் கீழுள்ள யாவும்’: ஒரு சீன வீரகாவியத் திரைப்படமும் ஊவாத் தோட்டப்புறப் பார்வையாளரும்

1

கலைப்படைப்பொன்றின் பொருள் படைப்பாளியின் நோக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை. அதனை ஏற்போர் எவ்வுற்பத்தி உறவுகளுள் வாழ்பவர், எவ்வரலாற்று அனுபவத்தைச் சுமந்து வருபவர் என்பனவும் அப்பொருளை நிர்ணயிக்கின்றன. இலக்கியத்தைப் பொறுத்தவரை இது நம்மிடையே பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தாகும். ஆயின் திரைப்படம் முதலிய வெகுசனக் கலைகளைப் பற்றிப் பேசும்பொழுது, பார்வையாளரை மயங்கிய கூட்டமாகவே கொள்ளும் போக்கு முற்போக்கு விமர்சகரிடத்தும் காணப்படுகின்றது. இக்கட்டுரையாளனும் அப்போக்கிற்கு விலக்கானவன் அல்லன். சீன இயக்குநர் ஜாங் யிமோ 2002இல் வெளியிட்ட ‘வீரன்’ என்னும் திரைப்படத்தைப் பதுளை மாவட்டத் தோட்டமொன்றில் சிலருடன் இருந்து பார்த்த அனுபவமே இவ்விடயத்தை மீண்டும் சிந்திக்கத் தூண்டியது. ஒரு மாலைப்பொழுதில் ஓர் இல்லத்தில் பன்னிருவரோடு நிகழ்ந்த உரையாடல் ஆய்வுத் தரவாகிவிடாது. எனினும், முன்கூட்டியே வகுத்து வைத்திருந்த முடிவொன்றைத் திருத்திக்கொள்ள அது போதுமானதாயிருந்தது.

2

படத்தின் கதை சீனத்தின் ஏழு அரசுகள் தம்முட் பொருத காலத்தில் நிகழ்கின்றது. ஏனைய ஆறு அரசுகளையும் வென்று ஒரே பேரரசை நிறுவ முனைந்து நிற்கிறான் சின் அரசன். அவனைக் கொல்ல முயன்ற மூவரை வென்றதாகக் கூறிக்கொண்டு சிற்றதிகாரி ஒருவன் அரண்மனைக்கு வருகின்றான். அவனுக்குப் பெயரில்லை, படத்தில் ‘பெயரற்றவன்’ என்றே அழைக்கப்படுகின்றான். வென்ற ஒவ்வொரு பகைவனுக்கும் பரிசாக, அரசனை மேலும் நெருங்கி அமரும் உரிமை அவனுக்குக் கிடைக்கின்றது. பத்தடித் தொலைவை எட்டியதும் அரசனைக் கொல்வதே அவனது உண்மை நோக்கம். ஒரே நிகழ்ச்சி சிவப்பு, நீலம், வெள்ளை என நிறம் மாறி மாறிக் கூறப்பட, எது மெய் எது புனைவு என்பதை அரசனும் பார்வையாளரும் ஒருங்கே உய்த்துணர வேண்டியுள்ளது.

இறுதியில் பெயரற்றவன் அரசனைக் கொல்லாது விடுகின்றான். ‘முறிந்த வாள்’ என்னும் வீரன் மணலில் எழுதிக் காட்டிய சொல்லே அதற்குக் காரணம். ‘தியென்சியா’ என்னும் அச்சொல்லை ‘வானத்தின் கீழுள்ள யாவும்’ எனத் தமிழிற் கூறலாம். ஓர் அரசன் எல்லாவற்றையும் ஒன்றாக்கினாற்றான் போர் ஓயும்; ஆகவே தனிப்பட்ட பழியையும் தன் நாட்டின் அழிவையும் மறந்துவிடுதல் வேண்டும் என்பதே அதன் உட்பொருள். கொல்லாது விட்ட வீரனை அரசன் சட்டத்தின் பேரால் அம்புமழைக்கு இரையாக்குகின்றான். பின்னர் வீரனுக்குரிய மரியாதைகளுடன் அடக்கஞ் செய்கின்றான்.

இக்கதையின் மூலம் பழமையானது. கி.மு. 227இல் ஜிங் கே என்பவன் சின் அரசனைக் கொல்ல முயன்று மாண்ட செய்தியைச் சிமா சியென் தமது வரலாற்று நூலிற் பதிவு செய்துள்ளார். அந்நூலில் ஜிங் கே தோற்றும் மதிப்பிழவாதவன். அவனைப் போன்றோருக்கும், சட்டத்திற்கு வெளியே நின்று எளியோர்க்கு நீதி தேடிய ‘சியா’ என்னும் வீரர்க்கும் தனித்தனி இயல்களையே அவ்வரலாற்றாசிரியர் ஒதுக்கியிருக்கிறார். சின் அரசின் ஆட்சித் தத்துவத்திற்கு வித்திட்ட ஹான் பெய் என்பவரோ, ஆயுதவலியாற் சட்டத்தை மீறுவோர் எனச் சியாக்களைக் கண்டித்தவர். அரசுக்கு அடங்காத நீதி என்பதே சியா மரபின் உயிர்நிலை எனலாம்.

அரசுகள் இம்மரபை எப்பொழுதும் ஐயத்துடனேயே நோக்கின. 1928இல் வெளிவந்த ‘செந்தாமரைக் கோயில் எரிப்பு’ என்னும் படம் பெருவெற்றி பெற்று, வூசியா எனப்படும் வாள்வீரப் படங்கள் ஷங்காயிற் பெருகியபொழுது, 1931இல் குவோமின்டாங் அரசாங்கம் அவற்றைத் தடைசெய்தது. 1949இன் பின்னர் இவ்வகை ஹொங்கொங்கிலும் தாய்வானிலுமே வளர்ந்தது. கிங் ஹூவின் ‘டிராகன் விடுதி’ (1967) போன்ற படங்களில் கொடிய அதிகாரத்தை எதிர்ப்போரே நாயகராயினர். இம்மரபின் பின்னணியில் நோக்கும்பொழுது ‘வீரன்’ நிகழ்த்தும் தலைகீழ் மாற்றம் புலனாகும். அரசுக்கு எதிரே நின்ற சியா, இங்கு அரசின் பொருட்டுத் தானே உவந்து சாகின்றான்.

இம்மாற்றம் இயக்குநரின் கலைவாழ்விலும் நிகழ்ந்த ஒன்றாகும். பண்பாட்டுப் புரட்சிக் காலத்திற் கிராமத்திலும் நெசவாலையிலும் உழைத்தவர் ஜாங் யிமோ. அவரது முதற்படமாகிய ‘செஞ்சோளம்’ (1987) மது வடிக்கும் தொழிலாளரையும் அவர்தம் யப்பானிய எதிர்ப்பையும் பாடியது. ‘வாழ்தல்’ (1994) சீனத்தில் திரையிட அனுமதிக்கப்படவில்லை. ‘வீரன்’ படமோ பெய்ஜிங்கின் மக்கள் மாமண்டபத்திலேயே அரங்கேறியது. 2008 ஒலிம்பிக் தொடக்க விழாவை நெறிப்படுத்தும் பொறுப்பும் அவரையே சார்ந்தது.

3

படம் சீனத் திரையரங்குகளில் ஏறத்தாழ 25 கோடி யுவான் ஈட்டியது. எனினும் அங்கேயே அது கடுஞ் சர்ச்சைக்குள்ளானது. நூல்களை எரித்த ஒரு கொடுங்கோலனை நியாயப்படுத்துகின்றது என்றனர் ஒருசாரார். அரசியலைத் தேடாது அழகைக் காணுங்கள் என்றனர் மறுசாரார். இயக்குநர் பின்னையோர் பக்கமே நின்றார். 2004 ஓகஸ்டில் அமெரிக்காவில் வெளியானபொழுது அவ்வார வசூலில் அது முதலிடம் பெற்றது. அங்கும் விமர்சகர் சிலர் இதனைப் பாசிச அழகியல் என்றனர். அமெரிக்கப் பிரதியின் துணைத்தலைப்பில் ‘தியென்சியா’ என்பது ‘எங்கள் நாடு’ எனப் பொருள்தரும் ஆங்கிலத் தொடராயிற்று. எல்லையற்ற உலகைக் குறித்த சொல் எல்லையுடைய தேசமாகச் சுருங்கியமை பலராற் கண்டிக்கப்பட்டது. ஆயின் அம்மொழிபெயர்ப்பு ஒருவகையில் உண்மையை வெளிப்படுத்திவிட்டது என்றே கூறவேண்டும். பேரரசனொருவன் ‘உலகம்’ எனும்பொழுது தனது ஆட்சிப் பரப்பையே கருதுகின்றான்.

தமிழ் மாணவருக்கு இது புதிதன்று. ‘உலகம்’ என்னும் சொல்லுக்கு ‘உயர்ந்தோர்’ எனப் பொருள் கொண்ட நிகண்டு மரபும் உரை மரபும் நம்மிடம் உள்ளன. உலக வழக்கு என்பது உயர்ந்தோர் வழக்கேயாயின், உழைப்போர் அவ்வுலகின் புறத்தே நிற்பவராவர். ஒரு சொல் எத்துணை அகன்றதாயினும், அதனுள் யார் அடங்குவர் என்பதை வர்க்க உறவே தீர்மானிக்கின்றது. ‘வானத்தின் கீழ்’ யார் என்னும் வினாவே இப்படத்தை நோக்கி நாம் எழுப்பவேண்டிய வினாவாகும்.

4

பசறைப் பகுதித் தோட்டமொன்றின் லயத்தில், நண்பரொருவரின் இல்லத்தில் இப்படத்தைப் பார்த்தோம். துணைத்தலைப்பு ஆங்கிலத்திலிருந்தமையால் நான் இடையிடையே தமிழிற் கூறிவந்தேன். விடுமுறையில் வந்திருந்த, கொழும்புக் கடைகளில் வேலைசெய்யும் இளைஞர் சிலர், கொழுந்து பறிக்கும் பெண்கள், ஓய்வுபெற்ற தொழிலாளர், ஆசிரியர் ஒருவர் ஆகியோர் உடனிருந்தனர். அவர்களிடையே மூவகை எதிர்வினைகளைக் காணமுடிந்தது.

முதலாவது இளைஞருடையது. நீர்ப்பரப்பின்மீது நிகழும் வாட்போரையும் உதிரும் இலைகளிடையே பெண்கள் இருவர் பொருதுவதையும் அவர்கள் பெரிதும் சுவைத்தனர். தோட்டத்துத் திருவிழாக்களிற் சிலம்பம் கண்டு வளர்ந்தவராதலின் கால்வைப்பும் கைவீச்சும் அவர்தம் பேச்சிற்குப் பொருளாயின. உடனே ஒருவர், “இது நம்ம ஆளு கத்துக் குடுத்த வித்தைதானே, சேர்?” என்றார். ஏ. ஆர். முருகதாஸ் இயக்கிய ‘7ஆம் அறிவு’ (2011) என்னும் தமிழ்த் திரைப்படத்தையே அவர் கருதினார். காஞ்சியிலிருந்து சென்ற போதிதர்மர் சீனருக்கு மருத்துவமும் தற்காப்புக் கலையும் கற்பித்தார் என்பதும், அந்நன்றியை மறந்த சீனம் இன்று இந்தியாவிற்கு எதிராக நோயை ஏவுகின்றது என்பதும் அப்படத்தின் கதை.

வரலாற்று நோக்கில் இக்கூற்று நிலைக்கத்தக்கதன்று. போதிதர்மரைக் குறிப்பிடும் மிகப் பழைய நூல் கி.பி. 547ஐ ஒட்டியது, அது அவரைப் பாரசீகத்தவர் என்கின்றது. அவரைத் தென்னிந்தியர் எனக் கூறும் மரபும் பழமையானதே. ஆயினும் ஷாவோலின் மற்கலையோடு அவரைத் தொடர்புபடுத்தும் கதை 17ஆம் நூற்றாண்டு நூலொன்றின்வழி வந்தது. 1930களிலேயே சீன ஆய்வாளர் அதனை மறுத்துள்ளனர். இங்கு முக்கியமானது அத்தகைய பெருமிதம் ஏன் தேவைப்படுகின்றது என்பதேயாகும். 1983உம் 2009உம் தந்த தோல்வியுணர்வின்மீது எழுந்த ஆறுதல் அது. ‘வீரன்’ வாளை அரசிடம் ஒப்படைக்கின்றது. ‘7ஆம் அறிவு’ அதனை இனத்திடம் ஒப்படைக்கின்றது. கொழும்புக் கடையில் நாள் முழுதும் நின்றுழைக்கும் அவ்விளைஞருக்குப் பல்லவ இளவரசனின் மரபணு எவ்வாற்றானும் துணைசெய்யாது என்பதை இரண்டுமே கூறுவதில்லை.

5

இரண்டாவது எதிர்வினையே என்னைத் தடுமாறச் செய்தது. 1983 யூலையிற் பதுளை நகரில் தமிழர்தம் கடைகளும் வீடுகளும் எரிந்ததை நேரிற் கண்டவர் அவ்வாசிரியர். படம் முடிந்ததும், அரசன் கொடியவனாயினும் முறிந்த வாள் கூறியது சரியே என்றார் அவர். “சண்டை நின்றாற் போதும் என்று ஒருமுறையாவது நினைக்காதவர் இந்த மலையில் இல்லை” என்பது அவர் கூற்று. 2000 ஒக்டோபர் 25இல், இதே ஊவாவிற் பண்டாரவளைக்கு அண்மையிலுள்ள பிந்துனுவெவவில், அரசின் புனர்வாழ்வு முகாமிலிருந்த தமிழ் இளைஞர் இருபதுக்கு மேற்பட்டோர் கும்பலொன்றாற் கொல்லப்பட்டதையும் அவர் நினைவுகூர்ந்தார்.

இதனை வெறும் சரணாகதி மனப்பான்மை எனத் தள்ளிவிடுதல் எளிது. பட்டணத்திலிருந்து வந்த விமர்சகனுக்கு அது மேலும் எளிது. ஆயின் படத்தின் ஈர்ப்பாற்றல் இம்மெய்யான சோர்விலேயே வேர்கொண்டுள்ளது. போரினால் நைந்தவர்க்கு அமைதி அருவமான கோட்பாடு அன்று, அது உயிர்த்தேவை. படத்தின் கருத்துநிலை பொய்யான ஒன்றைக் கூறி நம்மை ஏய்க்கவில்லை. மெய்யான தேவையொன்றை எடுத்து, அதற்கு ஒரேயொரு விடைதான் உண்டு எனக் காட்டுகின்றது. அதன் வன்மை அதிலேயே உள்ளது. எனவே ஆசிரியரின் ஏக்கத்தை மறுக்காமல், அவ்வொற்றை விடையையே நாம் ஆராய வேண்டும்.

அவ்விடையின் விலையைப் படமே ஓரிடத்திற் சொல்லிவிடுகின்றது. ‘வாள்’ என்னும் எழுத்தைப் பத்தொன்பது வகையாக எழுதலாம் என அறிந்ததும், வென்றபின் ஒன்றை மட்டும் விட்டு ஏனையவற்றை ஒழிப்பேன் என்கின்றான் அரசன். சாவ் நாட்டின் எழுத்துப் பள்ளியில் அம்புகள் மழையெனப் பொழியும்பொழுதும் முதிய ஆசான் எழுத்தை விடாது எழுதிக்கொண்டிருக்கும் காட்சியை அமைத்த அதே படம், அரசனின் இக்கூற்றைப் பெருந்தன்மையின் அடையாளமாகவே தருகின்றது. 1956இன் தனிச்சிங்களச் சட்டத்தின் பின் வாழ்வோர் இவ்விடத்தை இலகுவிற் கடந்துசெல்லவியலாது. அவ்வாசிரியரும் இக்காட்சியிற் சற்றுத் தயங்கியதாகப் பின்னர் ஒப்புக்கொண்டார்.

6

மூன்றாவது எதிர்வினை, நாற்பதாண்டு கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவருடையது. நாயகனுக்குப் பெயரில்லை என நான் கூறியபொழுது அவர் சிரித்துவிட்டு, “பேரே இல்லாதவனுக்கு யாரு தம்பி பேர் போடுவா?” என்றார். அறையிலிருந்தோர் அனைவரும் நகைத்தனர். இந்நகைப்பின் பொருளை வெளியார்க்கு விளக்குதல் வேண்டும். தோட்டத்தில் ‘பேர்’ என்பது ஒருநாள் வேலையையும் அதற்குரிய சம்பளத்தையும் குறிக்கும். செக்ரோலிற் பேர் விழுந்தாலே அந்நாள் கணக்கில் வரும். நிர்ணயித்த அளவு கொழுந்து இல்லையெனின் ‘அரைப்பேர்’ போடுவதும் உண்டு. பெயர் என்பது அங்கு புகழுமன்று, தனிமனித அடையாளமுமன்று. கூலியுழைப்பின் அலகு அது.

மேட்டுக்குடி அழகியலுக்குப் பெயரின்மை துறவின் உயர்நிலை. வாள் கையிலும் இல்லை, மனத்திலும் இல்லை என்னும் நிலையே வாட்கலையின் முடிநிலை என அரசன் மெய்ஞ்ஞானம் பேசுகின்றான். பெயரைத் துறப்பதற்கு முதலிற் பெயர் இருத்தல் வேண்டும். அம்மையாரின் சமூகத்திற்கோ அது பறிக்கப்பட்ட பொருள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்ற ஏழு ஆசனங்களுள் பதுளையும் ஒன்று. 1948இன் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த வாக்குரிமைப் பறிப்பும் நிகழ்ந்தபின், 1952இல் அக்கட்சிக்கு ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னருக்கு விடப்பட்டது. எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. இரு நாடுகளின் நல்லுறவு என்னும் ‘வானத்தின் கீழ்’ அவர்கள் எண்களாகவே நின்றனர். அவர்களை எவரும் கேட்கவில்லை.

படத்தின் முடிவு குறித்தும் அவ்வம்மையார் ஒன்று கூறினார்: “இவனுக்கு அழ ஒரு பொம்பளைப் பிள்ளைகூட இல்லையே.” மலையகத்திற் பொன்னர் சங்கர் கூத்துப் பார்த்து வளர்ந்தவர் அவர். அங்கே அண்ணன்மார் இறந்தபின் தங்கையின் ஒப்பாரி உண்டு. வீரனின் சாவை மக்கள் தமதாக்கிக்கொள்வது அவ்வழுகையின் வழியாகவே. ‘வீரன்’ படத்திற் பெயரற்றவனின் சாவிற்கு உரிமைகொண்டாடுவது சேனையும் அரசனுமே. அரசு கொல்லவுஞ் செய்கின்றது. அரசே மாலையும் இடுகின்றது. சங்கப் பாடல்களில் மூவேந்தர் முற்றுகையில் மாண்ட பறம்புமலைப் பாரியை நாம் நினைவுகொள்வது கபிலரும் பாரி மகளிரும் பாடியதனாலேயே. வென்ற வேந்தர் மூவரும் இன்னின்னார் என நம்மிற் பலர் அறியோம். தோற்றவன்பொருட்டு எழும் குரலைப் படம் அகற்றிவிட்டது என்பதை நூலறிவின் துணையின்றியே அம்மையார் கண்டுகொண்டார்.

7

சின் பேரரசின் ஒருங்கிணைப்பு முற்போக்கான பங்காற்றவில்லையா என்னும் வினா இங்கு எழல் நியாயமே. எழுத்து, நிறுத்தல், அளத்தல், வண்டியச்சு ஆகியன சீர்மை பெற்றன. பழைய பிரபுக்களின் சிற்றரசுகள் ஒழிந்தன. 1973-74இற் சீனத்தில் நடந்த கன்பூசிய எதிர்ப்பு இயக்கம் சின் அரசனை முற்போக்காளனாகவே போற்றியது. வரலாற்றுப் பொருள்முதல்வாதி இவ்வுண்மைகளைப் புறக்கணித்தலாகாது. ஆனால் முற்போக்கான மாற்றமொன்றின் சுமையை எவர் தோள் தாங்கியது என்பதை மறப்பதும் பொருள்முதல்வாதமாகாது. பெருஞ்சுவர் எழுந்தமை படத்தின் இறுதியில் ஒரு வாசகமாக வந்துபோகின்றது. அதனை எழுப்பியோர் ஒரு காட்சியிலும் இல்லை.

நம் நாட்டு இடதுசாரி இயக்கம் இவ்விடத்திலேதான் தன்னைத்தானே நோக்கவேண்டும். 1948இல் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தோர் நம்மவர். 1964இல் உடன்படிக்கை கைச்சாத்தானபொழுது அரசாங்கத்திற் பங்காளியாயிருந்தது லங்கா சமசமாஜக் கட்சி. 1956இல் தனிச்சிங்களச் சட்டத்தை வன்மையாக எதிர்த்த கொல்வின் ஆர். டி சில்வாவே 1972இன் ஒற்றையாட்சி அரசியலமைப்பை ஆக்கும் பொறுப்பை ஏற்றார். அவர்கள் விலைபோயினர் என்பது போதிய விளக்கமன்று. பரந்த நலன், ஏகாதிபத்திய எதிர்ப்பு, நாட்டின் ஒருமைப்பாடு என்னும் பெருஞ்சொற்கள் அவர்கள்முன் மணலில் எழுதப்பட்டன. அவற்றை நம்பி அவர்கள் வாளைத் தாழ்த்தினர். பெயரற்றவனின் துன்பியல் நமக்கு அந்நியமானதன்று.

ஊவாவின் வரலாறு இதற்கு நேர்மாறான உருவமொன்றையும் தருகின்றது. 1817-18 கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயரால் அனுப்பப்பட்ட ஊவாத் திசாவை கெப்பெட்டிபொல, ஆயுதங்களை ஆளுநருக்குத் திருப்பியனுப்பிவிட்டுக் கிளர்ச்சியாளருடன் சேர்ந்தான். 1818 நவம்பரில் கண்டியிற் சிரச்சேதம் செய்யப்பட்டான். அவன் நிலமானியப் பிரபு. அவனை இலட்சிய நாயகனாக்கவேண்டியதில்லை. எனினும் அரசனின் தூதன் மக்கள் பக்கம் திரும்பலாம் என்பதற்கு அவன் சான்று. அவனையும் அரசு பின்னர் தேசிய வீரனாக்கிக்கொண்டது என்பது வேறு.

8

‘வீரன்’ முடியுமிடத்திற்கு அப்பாலும் சீன வரலாறு செல்கின்றது. கி.மு. 221இற் பேரரசு அமைந்தது. கி.மு. 209இல், எல்லைக் காவலுக்குக் கட்டாயமாக அழைத்துச் செல்லப்பட்ட தொள்ளாயிரம் பேர் கடுமழையால் வழியிற் சிக்கினர். குறித்த நாளிற் சென்று சேராவிடின் சட்டப்படி மரணம். சென்றாலும் சாவு, கிளர்ந்தாலும் சாவு என்ற நிலையில் அவர்களைக் கிளர்ந்தெழச் செய்தோர் சென் ஷெங், வூ குவாங் என்னும் இருவர். சென் ஷெங் இளமையிற் பிறர் வயலிற் கூலிக்கு உழுதவன் எனச் சிமா சியென் எழுதுகின்றார். அக்கிளர்ச்சி அடக்கப்பட்டதாயினும் அது மூட்டிய தீயிற் சில ஆண்டுகளுள் சின் பேரரசு வீழ்ந்தது. அரசனைக் கொல்லப் பத்தடித் தொலைவிற்குச் சென்ற வாள்வீரராற் சாதிக்கவியலாததை மழையிற் பிந்திய கூலியாள் தொடக்கிவைத்தான்.

புறப்படுமுன் இக்கதையை அவர்களிடம் கூறினேன். இளைஞர் அமைதியாகக் கேட்டனர். ஆசிரியர், அதன்பின் சண்டை நின்றதா என்றார். இல்லை, புதிய பேரரசொன்று அமையும்வரை மேலும் பலர் மாண்டனர் என்பதே வரலாறு. அதனை மறைக்காது கூறினேன். அம்மையாரோ வேறொன்றைக் கேட்டார்: “மழைக்கு நின்னதுக்குச் சாவுன்னு சட்டம் போட்டவன், அந்த ஆளுக பேரையாவது எழுதி வச்சானா?” எழுதிவைத்தவன் அரசனல்லன், அவன் குலம் அழிந்தபின் வந்த வரலாற்றாசிரியனே என்றேன்; அவனும் இரு பெயர்களையே எழுதினான், ஏனைய தொள்ளாயிரம் பேர் எண்ணிக்கையாகவே நின்றுவிட்டனர் என்றும் சொல்லவேண்டியதாயிற்று.

ஆசிரியரின் வினாவும் அம்மையாரின் வினாவும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. போர் ஓயவேண்டும் என்பதும், ஓய்ந்த பின்னர் அமையும் உலகில் உழைப்போர் பேர் விழவேண்டும் என்பதும் ஒருங்கே நிறைவேற வேண்டிய கோரிக்கைகள். முன்னதைத் தருவதாகக் கூறிப் பின்னதைக் கைவிடச் சொல்வதே ‘வீரன்’ முன்வைக்கும் பேரம். அத்தகைய பேரத்தை ஏற்கவேண்டா என அம்மக்களுக்குக் கற்பிக்கும் தகுதியை நம் இயக்கம் இன்னும் பெறவில்லை. அவர்களது வாசிப்பிலிருந்து அதனைக் கற்கத் தொடங்குவதே நம் விமர்சனத்தின் உடனடிப் பணியாகும்.